பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள்

செங்கேணியின் வாயில் அவள் புருஷன் பேர் வந்ததே இல்லை. கட்டினவன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசில் ஒரு பிடி குறையும் என்று சொல்லித்தான் அவள் அம்மா அவளை அனுப்பிவைத்தாள். ஓட்டுக் கணக்கு எடுக்க ஜெகந்நாத வாத்தியார் சேரிக்கு வந்தபோதுகூட அவள் மசியவில்லை. "உன் ஆம்படையான் பேர் என்னம்மா?" என்று அவர் கேட்க, கிழக்கே கையைக் காட்டி, "தோ, கயுகு வந்து சோறு துன்னுதே, அந்த மலமேல கீற சாமி பேரு" என்றாள். வாத்தியார் பேனாவைத் தூக்கிக்கொண்டு முழித்தார். பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள்தான், "வேதகிரின்னு எயுதிக்க சாமி. இவகிட்ட நின்னா பொயுது போயிடும்" என்று சொல்லி அவரை மீட்டாள்.

அப்படிப் பொத்திப் பொத்தி வைத்த பேரை இன்னொருத்தி விடியற்காலையில் ஊருக்கே கேட்கும்படி கூவினால் எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

"வேதகிரீ... வேதகிரீ... வா!"

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற பாட்டையில், ஏரிக்கரைக்குக் கீழே, நெல் அவிக்கிற மில் இருந்தது. அணா போய் நயா பைசா வந்த புதிது. ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறின நெல்லை விடியுமுன்னே ஆவியில் அவித்து, சூடு ஆறுவதற்குள் களத்தில் கொட்டிவிட வேண்டும். அப்போதுதான் முழுப் பகல் வெயில் அதற்குக் கிடைக்கும். அதனால் கோழி கூவுமுன்னே மில்லில் வேலை தொடங்கிவிடும். தை மாசத்து மேல்காற்று வீசினால் ஊறல் நெல்லின் புளித்த வாடை சேரி வரைக்கும் வரும். வாடையோடு அந்தக் குரலும் வரும்.

வேதகிரி கூடை சுமக்கிறவன். ஒவ்வொரு கொப்பரைக்கும் இரண்டு பேர் ஜோடி. ஒரு ஆள் கொப்பரையண்டை நின்று அவிந்த நெல்லை நீளக் கரண்டியால் வாரிக் கூடையில் போடும். மற்ற ஆள் சுமந்துபோய்க் களத்தில் கொட்டிவிட்டு, வெறுங்கூடையோடு திரும்பி வரும். போன வருஷம் வரைக்கும் வேதகிரிக்குக் கொப்பரை ஆளாகக் கிழவன் முனியன் நின்றான். அவன் கூப்பிட்டதெல்லாம் மில் சுவரைத் தாண்டியதில்லை. முனியனுக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு அந்த இடத்துக்கு மார்த்தாள் வந்தாள். வாந்திபேதியில் செத்துப்போன சாமுவேலின் பெண்டாட்டி. பிள்ளை குட்டி கிடையாது. வேதக்காரத் தெருவில் இருந்தாள். நெடுநெடுவென்று பனை மாதிரி வளர்த்தி. வேதக்கோயிலில் அவள் பாட எழுந்தால் மற்றவர்கள் வாயைச் சும்மா அசைத்தால் போதும் என்பார்கள்.

செங்கேணியின் குரலோ சின்ன வயசில் மாந்தம் கண்டு கம்மிப்போன குரல். கோழியை விரட்டினால் கோழி திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான்.

"அந்த வேதக்காரி எதுக்குய்யா உன்ன அத்தினி வாட்டி கூப்புடறா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வேலைக்கு கூப்புடறா."

"மத்தவங்கள்ளாம் வேல செய்யல?"

"எல்லாருந்தான் கூப்புடறாங்க. அவளுக்குக் கொரலு பெருசு, உனக்குக் கேக்குது. கூய ஊத்துமே, பசிக்குது."

வேதகிரி அவ்வளவு பேசியதே அதிகம். ஏன் கூப்பிடுகிறார்கள், எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவன் சொல்லவில்லை. நடவு, களையெடுப்பு என்று சேற்றிலேயே கிடந்த செங்கேணி அந்தக் கொட்டகைக்குள் ஒருநாளும் போனதில்லை.

எரிகிற அடுப்பில் சுள்ளி வைக்க ஒரு ஆள் வேண்டுமே. கிணற்றடியில் சிட்டம்மாள் இருந்தாள்.

"இன்னா செங்கேணி, சேவல் எந்திரிக்கறதுக்கு முன்ன மில்லுல ஒரு பொட்டக்கோயி உன் வூட்டுக்காரு பேர கூவுதே!"

"கூவட்டும். அவ தொண்டதான நோவும்."

"தொண்டையா அது! பாட்டுக்காரி தொண்ட. அந்தாளு பேர சொல்றப்போ மட்டும் ஒரு இயுவ இயுக்கறா பாரு. நீ கட்டிக்கினவ, உனக்குச் சொல்ல வாயில்ல. அவளுக்கு இன்னா, சொகமா சொல்றா."

அந்தக் கடைசிப் பேச்சுதான் முள்ளாகத் தைத்தது. செங்கேணி குடத்தைப் பாதித் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் விடியலில் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்துக் கேட்டாள். ஆமாம், இழுக்கத்தான் செய்கிறாள். 'கிரீ' என்கிற இடத்தில் குரல் வளைந்து ஏறுகிறது. சுவரோரம் குழந்தை அம்முலு தூங்கிக்கொண்டிருந்தது. அவன் படுத்திருந்த பாய் வெறுமையாகச் சுருண்டு கிடந்தது. தனக்குச் சொந்தமான ஒரு சாமானை எவளோ எடுத்து, துலக்கி, வெயிலில் வைத்துப் பளபளவென்று காட்டுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

அன்றைக்கு மத்தியானம் கூழும் சுட்ட கருவாடும் எடுத்துக்கொண்டு, அம்முலுவை இடுப்பில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போனாள். புளியமரத்தடியில் எல்லாரும் கஞ்சிக்கு உட்கார்ந்திருந்தார்கள். மார்த்தாள் நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சீலை கட்டியிருந்தாள். வேதகிரிக்கு எதிரே கூட இல்லை, நாலு ஆள் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஊறுகாய் மாங்காய் ஒரு துண்டு அவன் இலையில் இருந்தது. அது செங்கேணி வீட்டு மாங்காய் இல்லை.

"வாம்மா செங்கேணி. அடி அம்முலு, எங்கிட்ட வாடி கண்ணு" என்று மார்த்தாள் கையை நீட்டினாள்.

"தோ பாரு மார்த்தா. இன்னிலேர்ந்து எங்க வூட்டுக்காரு பேரு உன் வாயில வரக்கூடாது."

மார்த்தாள் சிரித்துவிட்டாள். "அப்போ இன்னான்னு கூப்புடட்டும்? மாமான்னு கூப்புடவா?"

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் மரத்தடி முழுக்கக் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

செங்கேணி மார்த்தாளின் நீட்டின கையைப் பிடித்து இழுத்து அம்முலுவின் தலைமேல் பட்டென்று வைத்தாள்.

"எம் பொண்ணு தலமேல ஆணை. சொல்லு. இனிமே அந்தப் பேர கூப்புட மாட்டேன்னு சொல்லு!"

"அய்யோ, வுடு செங்கேணி. எங்க வேதத்துல சத்தியமே பண்ணக் கூடாது..."

"உன் வேதத்துல அடுத்தவ புருசன கூப்புடலாமா?"

"இந்தாமே, இன்னா பண்றே நீ?" என்று வேதகிரி எழுந்தான். அவன் முகம் அவமானத்தில் சுண்டிப்போயிருந்தது. மார்த்தாள் அவனைப் பார்க்கவில்லை. தன் கைக்குக் கீழே இருந்த எண்ணெய் காணாத சின்னத் தலையைப் பார்த்தாள். பிள்ளை பெறாத கை அது. தீயில் பட்ட மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"கூப்புடல" என்றாள். "போ. கூப்புடல."

மறுநாள் விடியற்காலை மேல்காற்று வீசியது. ஊறல் வாடை வந்தது. யார் யாரோ கத்துவது மங்கலாகக் கேட்டது. அந்தக் குரல் மட்டும் வரவில்லை. செங்கேணி பாயில் மல்லாந்து படுத்து அந்த அமைதியை அனுபவித்தாள். எழுந்து வாசலில் சாணி தெளித்தாள். கேழ்வரகு மாவைக் கரைத்துக் கூழ் கிண்டினாள். இன்றைக்குக் கருவாட்டோடு கத்திரிக்காயும் போட்டுக் குழம்பு வைக்கலாம் என்று நினைத்தாள். அம்முலுவை எழுப்பி, "உன் நைனாவுக்கு இன்னா பிரியம்டி?" என்று கேட்டுக் கொஞ்சினாள்.

குழம்பு கொதிக்கும்போது மில் மாட்டு வண்டி தெருவில் வந்து நின்றது. மேஸ்திரி எல்லப்பன் முன்னால் குதித்தான்.

"பயப்படாத செங்கேணி. உசுருக்கு ஒண்ணும் இல்ல. பாசி வயுக்கி தொட்டியில வுயுந்துட்டான். வத்தின தொட்டி. காலுதான் போயிட்ச்சி."

வைக்கோல்மேல் வேதகிரி கிடந்தான். முழங்காலுக்குக் கீழே கால் தன்னுடையது இல்லை என்பது போலத் திரும்பிக் கிடந்தது. அதன்மேல் துணி சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. நீலத் துணி. வெள்ளைப் புள்ளி.

செங்கேணி ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவிலும் கண் அந்தப் புள்ளியை விடவில்லை. கூட வந்தவர்கள் வேறு, ஆளுக்கு ஒரு வாயாகச் சொன்னார்கள். மார்த்தாள்தான் முதலில் தொட்டிக்குள் குதித்தாளாம். அவள்தான் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாளாம். சீலையைக் கிழித்துக் கட்டினாளாம். கையில் ஏந்தித் தண்ணீர் கொடுத்தாளாம். நல்ல மனசோடு சொன்ன சேதிதான் எல்லாம். கேட்கிற காதுக்கு அப்படி இல்லையே.

புள்ளலூரிலிருந்து எலும்பு கட்டுகிற சடையப்பன் வந்தார். நாலு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் காலை இழுத்தார். வேதகிரி போட்ட சத்தத்தில் அம்முலு சிட்டம்மாள் வீட்டுக்கு ஓடிவிட்டது. மூங்கில் பத்தை வைத்து, உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் போட்டுக் கட்டினார்.

"கட்டு மாத்தறப்போல்லாம் முட்டை வோணும், நாட்டுக்கோயி முட்டை. காலு சேரும். நேரா சேருமான்னு அந்த சாமியத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவிழ்த்துப் போட்ட நீலத்துணியைச் செங்கேணி அடுப்பில் செருகினாள். ஊறல் தண்ணீரில் நனைந்த துணி எரியவில்லை. வீடு முழுக்கப் புகைந்தது. வேதகிரி இருமினான். இருமும்போது கால் அதிர்ந்து வலி தாங்காமல், "இன்னாமே எரிக்கிற?" என்று முனகினான்.

"ஈர வெறகு" என்றாள்.

மறுநாள் மத்தியானம் மார்த்தாள் வந்து வாசலில் நின்றாள். கிழிந்த இடத்தை உள்ளே மடித்துக் கட்டியிருந்தாள். முந்தானையில் முட்டைகள்.

"காலு எப்டி கீது?"

"கீது."

"முட்டை கேட்டாராமே கட்டுக்காரரு. எங்க கோயி போட்டது."

"எங்களுக்கு வாணாம்."

மார்த்தாள் எதையோ சொல்ல வாயைத் திறந்து, உள்ளே படுத்திருந்தவன் பக்கம் பார்த்து, மூடிக்கொண்டாள். அந்தப் பார்வையையும் செங்கேணி பிடித்துக்கொண்டாள். முட்டைகளை வாசற்படி ஓரம் வைத்துவிட்டு மார்த்தாள் போய்விட்டாள். செங்கேணி அவற்றைத் தொடவில்லை. வெயிலில் ஏரிக்கரை வரை நடந்து, குடியானத் தெருவில் வாசல் வாசலாக நின்று, ஒரு வீட்டில் களத்தைக் கூட்டிக் கொடுத்து முட்டை வாங்கி வந்தாள். திரும்பி வந்து பார்த்தால் படியோரத்து முட்டையைத் தெருநாய் நக்கிக்கொண்டிருந்தது. நாயை அவள் விரட்டவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று வந்தது. காய்ச்சல் ஏறின ஒரு பகலில் வேதகிரி கண்ணை மூடிக்கொண்டு பிதற்றினான். அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"மார்த்தா..." என்றான். "மார்த்தா, கொரல் குடு... எங்க கீற... கொரல் குடு மார்த்தா..."

செங்கேணி துணியை அவன் நெற்றியிலேயே விட்டுவிட்டு வெளியே போய் முருங்கைமரத்தடியில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கால் ஒடிந்து கிடக்கிறவனை என்ன கேட்க முடியும்? கேட்டால்தான் என்ன சொல்லப்போகிறான்? கூப்பிடக் கூடாது என்று அவள் வாயை அடைத்தோம், இவன் வாயை எதைக் கொண்டு அடைப்பது என்று நினைத்து நினைத்து, கீரையை உருவுகிறோம் என்று மரத்தில் ஒரு கிளையையே மொட்டையாக்கிவிட்டாள்.

அந்த வாரமே எல்லப்பன் வந்தான். மில்லில் ஒரு வழக்கம் உண்டு. விழுந்தவன் எழுந்திருக்கிறவரைக்கும் அவன் வீட்டு ஆள் வந்து நின்றால் இடம் அவனுக்கே. வராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"அறுவட மும்மரம். நாளைக்கு நீ வரலன்னா, அடுத்த கொப்பர சின்னராசுவோட மச்சான் தயாரா நிக்கிறான். அப்பால வேதகிரி எந்திரிச்சி வந்தாலும் எடம் கெடையாது. நொண்டிக் காலுக்கு எந்த ஆண்டயும் படி அளக்க மாட்டான், ரோசன பண்ணிக்க."

"எந்தக் கொப்பர?"

"அதே கொப்பரதான். மார்த்தா ஜோடி." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அவளோட நிக்கறதுல உனக்கு இன்னா? புருசன் பொஞ்சாதின்னாதான் ஒரு கொப்பரையில நிறுத்த மாட்டோம். அது இங்க ஆவாது."

ஏன் ஆகாது என்று அவள் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு அது தோன்றவும் இல்லை. இடம் போனால் வீடு போச்சு. அது மட்டும் தெரிந்தது.

விடியுமுன்னே அம்முலுவைச் சிட்டம்மாளிடம் விட்டுவிட்டுப் போனாள். கொட்டகைக்குள் காலை வைத்ததும் மூச்சு முட்டியது. நீளக் கொட்டகை. இரண்டு பக்கமும் ஆள் மார்பளவு ஆழத்துக்குச் சிமெண்டுத் தொட்டிகள். தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு மேடு. அதற்கு அங்கே வரப்பு என்றே பேர். வரப்பின் கோடியில் கொப்பரை. நெல்லின் பசை கலந்த தண்ணீர் சொட்டிச் சொட்டி வரப்பின்மேல் விளக்கெண்ணெய் பூசினாற்போல வழுவழுத்தது. உமி போட்டாலும் ஆவியில் நனைந்து கூழாகிவிடும்.

மார்த்தாள் கூடையை நிரப்பித் தூக்கிவிட்டாள். சும்மாட்டுத் துணியைத் தாண்டிச் சூடு உச்சந்தலையில் இறங்கியது. போகும்போது கஷ்டமில்லை. எதிரே களத்து வாசல், வெளியே விடிவெள்ளி. அதைப் பார்த்து நடந்துவிட்டாள்.

திரும்பி வெறுங்கூடையோடு வந்தபோதுதான் தெரிந்தது. எதிரே ஒன்றும் இல்லை. கொப்பரைகள் எல்லாம் ஒருசேர மூடி திறந்து, வெள்ளை வெளேரென்று ஆவி கொட்டகையை அடைத்துக்கொண்டு நின்றது. தன் கால் தனக்குத் தெரியவில்லை. வரப்பு எங்கே, தொட்டி எங்கே? இரண்டடி வைத்தாள். குதிகால் சறுக்கியது. நட்டுவைத்த கொம்பு மாதிரி நின்றுவிட்டாள்.

அப்போதுதான் நாலு பக்கமிருந்தும் குரல்கள் காதில் விழுந்தன.

"சின்னராசூ... வா வா!"

"பொன்னீ... இப்டிக்கா வா!"

ஒவ்வொரு கொப்பரையிலிருந்தும் ஒரு பேர். அந்தப் பேர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டவர்கள் மாதிரி, தங்கள் பேரைப் பிடித்துக்கொண்டு ஆவிக்குள் நடந்து போனார்கள். குரல் வருகிற திசைதான் வரப்பு. குரல்தான் கைப்பிடி.

"செங்கேணீ..." என்று அவளுக்கு நேர் எதிரிலிருந்து வந்தது. சேரி வரைக்கும் கேட்ட அதே குரல். அதே இழுப்பு. "செங்கேணீ... வா. நேரா வா. எங் கொரல புடிச்சிக்கினு வா."

அந்த இடத்திலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

குரலைப் பிடித்துக்கொண்டே கொப்பரையண்டை வந்து சேர்ந்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கி நீ கூப்புடல" என்றாள்.

மார்த்தாள் நெல்லை வாருவதை நிறுத்தவில்லை. "கூப்புடல."

"அவரு...?"

"வரப்புல பாதி வந்துட்டாரு. 'மார்த்தா, கொரல் குடு'ன்னாரு. கரண்டியால கொப்பரைய தட்டினேன். இரும்புச் சத்தம் கூரையில பட்டு எல்லா பக்கமும் வருது, அதுக்கு ஏது தெச? வா வான்னேன். பேரில்லாத வாவுக்கு இன்னா அர்த்தம்? பக்கத்துக் கொப்பரையிலயும் வான்னுதான் கத்தறாங்க. அவரு அந்த வாவுக்குத் திரும்பிட்டாரு." கரண்டி ஒரு நிமிஷம் அவள் கையில் நின்றது. "பேரு தொண்ட வரைக்கும் வந்துச்சி செங்கேணி. உம் பொண்ணு தல கண்ணு முன்னால வந்துட்ச்சி. முழுங்கிட்டேன்."

பின்னால் வந்த ஆள், "இன்னாம்மா, ஆவியில நின்னு கத பேசறீங்க? நெல்லு வெந்து சோறாவப் போவுது!" என்று அதட்டினான். செங்கேணி கூடையை நீட்டினாள். மார்த்தாள் நிரப்பினாள். அன்றைக்கு அவள் திரும்பி வந்த தடவையெல்லாம் அந்தக் குரல் அவளைக் கூப்பிட்டது. ஒரு தடவைகூடப் பிந்தவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். கை கால் எல்லாம் நெல் சுணை அரித்துப் பிடுங்கியது. வேதகிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கூழைக் கரைத்துக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமில்ல?"

"இன்னாது?"

"அவ ஏன் கூப்புடலன்னு."

அவன் கூழைக் குடித்தான். வெங்காயத்தைக் கடித்தான். "பாசி வயுக்குச்சி" என்றான்.

"பொய் சொல்லாத. என்னாலதான வுயுந்த? ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா தாங்க மாட்டே. மார்த்தாவும் வாணான்னா. நானும் சரின்னேன்."

இந்த இடத்தில் செங்கேணி அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள் என்று சொல்ல ஆசைதான். அழத்தான் வந்தாள். ஆனால் அந்தக் கடைசிப் பேச்சில் மூக்கு விடைத்துக்கொண்டது.

"ரெண்டு பேரும் பேசி வச்சிக்கினீங்களா? எப்போ?"

"தொட்டியில கெடந்தப்போ."

"காலு ஒடிஞ்சி கெடக்கறப்போகூட அவளோட ரகசியமா?"

வேதகிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கால் அதிர்ந்து, "ஆ... அய்யோ" என்று கத்தினான். கத்திக்கொண்டே சிரித்தான். "உன்னப் பத்திதான்மே பேசினோம்" என்றான். "'செங்கேணிக்குத் தெரிஞ்சா கெணத்துல வுயுந்துடும், சொல்லாதீங்க'ன்னா. அதான் ரகசியம்."

அப்புறம்தான் அழுதாள். நன்றாக அழுதாள்.

தான் செய்த பாவம் தெரிந்துவிட்டால் பொறாமை போய்விடும் என்று நினைக்கிறவர்கள் பொறாமைப்பட்டுப் பார்த்ததில்லை. செங்கேணி மறுநாளிலிருந்து மார்த்தாளை 'அக்கா' என்று கூப்பிட்டாள். அவள் கொண்டுவந்த முட்டையை வாங்கிக் கட்டுக்காரரிடம் கொடுத்தாள். தன் வீட்டுக் கருவாட்டில் பாதியை அவளுக்குக் கொண்டுபோனாள். ஆனாலும் மார்த்தாள், "அவரு எப்டி கீறாரு?" என்று கேட்கும்போது 'அவரு' என்கிற சொல்லில் கொஞ்சம் கல் கடித்தது. அதைப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள்.

பங்குனியில் வேதகிரி கோல் ஊன்றி நடந்தான். கால் சேர்ந்தது, நேராகச் சேரவில்லை. பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. சித்திரையில் நவரைப் போகத்து நெல் மில்லுக்கு வருகிற சமயம் கோலைப் போட்டுவிட்டு எல்லப்பன் முன்னால் போய் நின்றான். செங்கேணியும் போனாள்.

எல்லப்பன் அவனை நடக்கச் சொல்லிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"எடம் உன்னுதுதான், நான் இல்லேங்கல. ஆனா இந்தக் காலு கொரல வுட்டு ஒரு சாண் வெலவினா மறுக்காவும் தொட்டிதான். தப்பாம கூப்புடற ஆளு வோணும். மார்த்தா, நீதான் நிக்கணும்."

செங்கேணி மார்த்தாளைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கூப்புடுக்கா" என்றாள். "நான் வச்ச ஆணைய நானே எடுத்துட்டேன்."

மார்த்தாள் தலையை ஆட்டினாள். "நீ எடுத்தா போயிடுமா? கொயந்த தலமேல பட்ட கை இது. நான் மாட்டேம்மா."

குழந்தைக்காகப் பயந்து சொன்னாளோ, மனசில் வேறு ஏதாவது வைத்துக்கொண்டு சொன்னாளோ, அது அவளுக்கே வெளிச்சம். அதைக் கேட்டதும் செங்கேணியின் மனசில் எங்கோ ஒரு மூலையில் அப்பாடா என்றிருந்தது. இருந்ததை இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

"அப்போ ஆரு கூப்புடறது?" என்றான் எல்லப்பன்.

"நான் கூப்புடறேன்" என்றாள் செங்கேணி.

"நீயா? புருசன் பொஞ்சாதி ஆவாதுன்னு சொன்னனே. நீ பேரு சொல்ல மாட்டே, அவன் போய் வுயுவான். எங்க, இப்போ சொல்லு பாக்கலாம்."

செங்கேணி வாயைத் திறந்தாள். வேதகிரி எதிரே நின்று தரையைப் பார்த்தான். அவள் கழுத்து வரை சிவந்து, வாயை மூடிக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அங்க நின்னா வரும்" என்றாள்.

"வரலன்னா?"

"வரும் மேஸ்திரி. வராம எங்க போவும்?"

மறுநாள் விடியற்காலை செங்கேணி கொப்பரையண்டை நின்றாள். பக்கத்துக் கொப்பரையில் மார்த்தாள். முதல் கூடையைச் செங்கேணி நிரப்பித் தூக்கிவிட்டாள். அவன் ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்துக்கொண்டு களத்துப் பக்கம் போனான். அவன் முதுகு ஆவியில் மறைந்தது. அவன் நெல்லைக் கொட்டுவான், திரும்புவான், இப்போது வரப்பின் அந்தத் தலைப்பில் காலை வைப்பான். எல்லப்பன் வேலையை விட்டுவிட்டுத் தொட்டியோரம் வந்து நின்றான்.

"அம்முலு நைனா... வா!" என்றாள் செங்கேணி. கம்மின குரல் ஆவியைத் தாண்டவில்லை. நீளப் பேர் பாதி வழியில் உடைந்து விழுந்தது.

பிறகு அந்தப் பக்கமிருந்து, "ஆரு நைனா?" என்று எவனோ கேட்டான். மற்றக் கொப்பரைக்காரர்களும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கொட்டகை முழுக்க ஆவி சீறுகிற சத்தம் மட்டும்தான்.

அவன் அங்கே நிற்கிறான். கோணல் பாதத்தை வழுக்கலில் வைத்துக்கொண்டு, கண் தெரியாமல், குரலுக்காக நிற்கிறான். செங்கேணிக்கு அம்மா சொன்னது நினைவு வந்தது. ஆயுசில் ஒரு பிடி. மலைமேல் இருக்கிற சாமியை நினைத்தாள். 'கொறையற பிடிய எங்கிட்டேர்ந்து எடுத்துக்க. அவரை வுட்டுடு' என்று மனசுக்குள் சொன்னாள். வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள்.

"வேதகிரி!"

கரகரத்து, ஓரம் பிய்ந்து, கூப்பிட்டது போலவே இல்லாமல் அதட்டினது போல வந்தது. ஆனாலும் வந்துவிட்டது. எல்லப்பன் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

காலடிச் சத்தம் வரவில்லை. அவன் நகரவில்லை.

செங்கேணிக்கு அழுகை முட்டியது. "கேக்கலியா அவருக்கு? எங் கொரலு போய் சேரலக்கா..."

பக்கத்துக் கொப்பரையிலிருந்து மார்த்தாள் கரண்டியை ஊன்றிக்கொண்டு ஆவிக்குள் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அதெல்லாம் நல்லா கேட்டுச்சி. மறுக்கா ஒரு வாட்டி கேக்கணும்னு நிக்கறாரு."

"அது உனக்கு எப்டி தெரியும்?" என்று செங்கேணி வெடுக்கென்று திரும்பினாள்.

அந்தக் கோபத்திலேயே முன்பக்கம் திரும்பி, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, மில் சுவரைத் தாண்டிச் சேரி வரைக்கும் கேட்கட்டும் என்று கூப்பிட்டாள்.

"வேதகிரீ... வாய்யா!"

ஆவிக்குள்ளிருந்து ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து, நேராக அவளைப் பார்த்து வரத் தொடங்கியது சத்தம்.